ஒன்லைன்ல கண்ணாடி எடுக்கலாமா? திருகோணமலை ரீச்சர் ஒருத்தவட கேள்விக்கு பதில்

திருகோணமலை டவுன் பக்கம் இருந்து ஒரு ரீச்சர் நீளமா எழுதிக் கேட்டிருக்கிறா. பேர், பள்ளிக்கூடம் எல்லாத்தையும் எடுத்திட்டு விசயத்தை மட்டும் சுருக்கிச் சொல்லுறன். அவவுக்கு வயசு 43, சின்ன வயசில இருந்தே கண்ணாடி. ரெண்டு மாசத்துக்கு முந்தி பெரியாஸ்பத்திரி கண் கிளினிக்ல காட்டினதில வலது கண்ணுக்கு மைனஸ் 4.50, சிலிண்டர் (கண்ணிட வளைவு ஒரு சீரா இல்லாததுக்குப் போடுற பவர்) மைனஸ் 0.75, அக்சிஸ் (அந்தப் பவர் வைக்கிற கோணம்) 180, இடது கண்ணுக்கு மைனஸ் 4.25, சிலிண்டர் மைனஸ் 0.50, அக்சிஸ் 170, கிட்டப் பார்க்க ரெண்டுக்கும் கூட்ட வேண்டிய பவர், அட் எண்டு சொல்லுறது, 1.25 எண்டு துண்டு எழுதிக் குடுத்திருக்கினம். டவுன்ல ஒரு கடையில கேட்டா ப்ரோகிரசிவ் (தூரமும் கிட்டவும் ஒண்டிலயே பார்க்கிற) லென்ஸும் பிரேமும் சேர்த்து 74,000 ரூபா எண்டிருக்கினம். பேஸ்புக்ல ஒரு பக்கத்தில அதே சாமான் 16,500. லண்டன்ல இருக்கிற அவட கணவர்ட அக்காட மகன், "மாமி, இங்க எல்லாரும் ஒன்லைன்லதான் எடுக்கிறது, கடைக்காரன் சும்மா கொள்ளையடிக்கிறான்" எண்டு சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பியிட பேச்சைக் கேட்டு முதல்ல 13 வயசு மகனுக்கு, ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.75 எண்ட பழைய துண்டை வச்சு 6,900 ரூபாக்கு ஒண்டு எடுத்திட்டா. ஓர்டர் போடேக்க ரெண்டு கருமணிக்கும் இடையில உள்ள தூரத்தைக் கேட்டிருக்கு, பிடி எண்டு சொல்லுறது, துண்டில அது இல்ல, தம்பி "63 எண்டு போடுங்க, எல்லாருக்கும் அதுதான்" எண்டதால 63 போட்டாச்சு. இப்ப மகன் மூண்டாம் பாடத்துக்கே தலையிடி எண்டுறாராம், போர்ட் எழுத்தும் தெளிவில்லையாம், நோட் கொப்பி எழுதேக்க கழட்டி வச்சிடுறாராம். மாமியார் "கழட்டினா நல்லதுதான், போடப் போடத்தான் பவர் ஏறும்" எண்டு சொல்லுறாவாம். பழைய கடையில போய் பிடியைக் கேட்டா தர மாட்டம் எண்டிட்டினம். என்ன செய்யிறது, கடை ஏமாத்துதா, அளவைத் தராம விட அவைக்கு உரிமை இருக்கா, நீல வெளிச்சத்தை மறிக்கிற ப்ளூ கட் போட வேணுமா, இதுதான் கேள்வி.

வணக்கம் ரீச்சர். முதல்ல ஒண்டைச் சொல்லிட்டு வாறன், நான் கண்ணைப் பரிசோதிச்சு கண்ணாடிக்குப் பவர் எழுதுற ஒப்டோமெட்ரிஸ்ட், கண் டொக்டர் இல்ல, எந்தக் கடையிலயும் எனக்குப் பங்கும் இல்ல. முடிவை முன்னுக்கே சொல்லிடுறன், நீங்க கடைசி வரைக்கும் வாசிச்சுக் களைக்கத் தேவையில்ல. உங்கட ப்ரோகிரசிவ்வை ஒன்லைன்ல எடுக்காதீங்க. மகனுக்கும் வேணாம். ஆனா உங்களுக்கு எண்டு இன்னொரு கண்ணாடியை ஒன்லைன்ல தாராளமா எடுக்கலாம், அதில நல்ல காசு மிஞ்சும், அதைக் கீழ சொல்லுறன். கடைக்காரர் சொன்ன 74,000மும் அப்பிடியே குடுக்கத் தேவையில்ல.

63 எண்ட அந்த இலக்கம்

லென்ஸ் ஒவ்வொண்டுக்கும் நடுப்புள்ளி ஒண்டு இருக்கு. அந்தப் புள்ளி உங்கட கருமணிக்கு நேர வர வேணும். 63 மில்லிமீற்றர் எண்டது வளர்ந்த ஆக்களிட சராசரி, அவ்வளவுதான். வளர்ந்த ஆக்களுக்கே 54ல இருந்து 74 வரைக்கும் வரும், 13 வயசுப் பிள்ளைக்கு அனேகமா சராசரியை விடக் குறைவாத்தான் இருக்கும். மகனுக்கு உண்மையில 57 எண்டு வைப்பம் (அளந்து பார்க்காம எனக்குத் தெரியாது, கணக்குக்குச் சொல்லுறன்). 63க்கு வெட்டின கண்ணாடியில ரெண்டு நடுப்புள்ளியும் சேர்ந்து 6 மில்லிமீற்றர் வெளிய தள்ளிப் போகும். நடுப்புள்ளி தள்ளிப் போன லென்ஸ் வெளிச்சத்தை வளைக்கும், எவ்வளவு வளைக்கும் எண்டதைப் பவரைத் தள்ளின சென்ரிமீற்றரால பெருக்கிப் பார்த்தாத் தெரியும், 2.75ஐ 0.6ஆல பெருக்கினா 1.65 பிரிசம் (அந்த வளைவை அளக்கிற அலகு). அந்தப் பிள்ளையிட கண் ரெண்டும் ஒரு உருவத்தைப் பார்க்க கொஞ்சம் வெளிப்பக்கமா விரிய வேணும். கண்ணுக்கு உள்பக்கம் திரும்புறது லேசு, வெளிப்பக்கம் விரியிறது சரியான கஷ்டம். பிள்ளை காலமை சமாளிக்கும், ரெண்டு மூண்டு பாடம் போகத் தலை இடிக்கத் தொடங்கும். மகன் பஞ்சிக்குச் சொல்லுறார் எண்டு நினைச்சிடாதீங்க ரீச்சர், அவர் சொல்லுறதில ஒரு நியாயம் இருக்கு.

ஆனா எல்லாப் பழியையும் பிடியில போடவும் ஏலாது. போர்ட் எழுத்தே தெளிவில்ல எண்டு எழுதியிருக்கிறீங்க. உங்கட கடிதத்தில ஒரு மூலையில மகன்ட துண்டு 14 மாசத்துக்கு முந்தினது எண்டு இருக்கு. 13 வயசு எண்டா உயரம் வளருற வயசு, கண்ணும் நீளுற வயசு, மைனஸ் பவர் கூடுற வயசு. 14 மாசத்தில மைனஸ் 2.75 அப்பிடியே நிண்டிருக்கும் எண்டு நான் நம்பேல்ல. அப்பிடி எண்டா அந்த ஒன்லைன் கடைக்காரர் துண்டில இருந்தபடி ஒழுங்காத்தான் செய்து தந்திருக்கலாம், துண்டே பழசாப் போயிருக்கலாம். ஆரைக் குற்றம் சொல்லுறது எண்டு தீர்மானிக்க முதல் ரெண்டு வேலை செய்ய வேணும்: பிள்ளையிட கண்ணைத் திரும்பப் பார்க்கிறது, அந்தக் கண்ணாடியை லென்சோமீட்டர்ல வச்சுப் பார்க்கிறது. லென்சோமீட்டர் எந்தக் கண்ணாடிக்கடையிலயும் இருக்கு, அஞ்சு நிமிச வேலை, பவர் என்ன, நடுப்புள்ளி எங்க விழுது எண்டு புள்ளி குத்திக் காட்டும். பண்பாக் கேட்டா அனேகமான கடைக்காரர் பார்த்துத் தருவினம். தந்ததை ஒரு கடதாசியில எழுதி வாங்குங்க, பிறகு தேவைப்படும்.

மகன்ட விசயத்தில அவசரம்

பிள்ளைகளிட கண்ணை கடையில உள்ள கொம்பியூட்டர் மெசின்ல மட்டும் பார்த்திட்டு கண்ணாடி எடுக்கிறது எனக்குப் பிடிக்காத வேலை. அந்த மெசின் காட்டுறது ஒரு தொடக்கம் மட்டும்தான். சின்னப் பிள்ளையள் பார்க்கேக்க தங்களை அறியாமலே கண்ணை உள்ள இறுக்கிடுவினம், அப்ப மைனஸ் கூடுதலாக் காட்டும். அதாலதான் கண் கிளினிக்ல சொட்டு மருந்து விட்டு அந்த இறுக்கத்தைத் தளர்த்திப் போட்டு அளக்கிறது. மருந்து விட்டா அண்டைக்கு முழுக்க கிட்ட மங்கலா இருக்கும், வெளிச்சம் கூசும், ஆனபடியா தவணைப் பரீட்சைக்கு முதல் நாள் கூட்டிக்கொண்டு போகாதீங்க, திரும்பி வரேக்க போட ஒரு தொப்பி கொண்டு போங்க, எங்கட ஊர் வெயில் தெரியும்தானே. இனிமேல் 18 வயசு மட்டும் வருசத்துக்கு ஒருக்கா கட்டாயம், ஏலுமெண்டா ஆறு மாசத்துக்கு ஒருக்கா.

மாமியார் சொன்னதுக்கு வாறன். அவட அக்கறை பிழையில்ல, எங்கட ஊர்ல முக்காவாசிப் பேர் அப்பிடித்தான் நம்பினம். ஆனா கண்ணாடி போடுறதால பவர் ஏறுறேல்ல, வளருற கண் நீளுறதாலதான் ஏறுது. வேணுமெண்டு பவரைக் குறைச்சுப் போட்டுப் பார்த்த ஆய்வுகள் இருக்கு, அதால ஏறுறது நிண்டது எண்டு வரேல்ல. போர்ட் தெரியாம இருக்கிறதால பிள்ளை கணக்கில பின்னுக்குப் போறதுதான் மிச்சம். பிள்ளையிட கண்ணுக்கு உண்மையில உதவுறது வெளி வெளிச்சம், ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் போல வெளிய நிக்கிற பிள்ளையளுக்குத் தூரம் தெரியாத மைனஸ் குறை வாறது குறைவு எண்டு நல்ல ஆதாரம் இருக்கு. வந்த பிறகும் அது கெடுதல் செய்யாது. ரியூசன் முடிஞ்சு ரியூசன் எண்டு ஓடுற பிள்ளைக்கு ரெண்டு மணித்தியாலம் எங்க கிடைக்கும் எண்டு நீங்க கேப்பீங்க, எனக்கும் விளங்குது, ஆனா பின்னேரம் கடற்கரையில ஒரு மணித்தியாலம் பந்தடிக்க விடுறதையாவது செய்யுங்க. வருசத்துக்கு வருசம் வேகமா ஏறுது எண்டா, அதை மெதுவாக்க குறைஞ்ச அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, அதுக்கெண்டே செய்த லென்ஸ் எல்லாம் இப்ப இருக்கு, கண் டொக்டரிட்ட நேர கேளுங்க.

லண்டன் தம்பிக்கும் ஒண்டு சொல்லுங்க. அவர் இருக்கிற நாட்டில 16 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் கண்ணாடி விக்கிறதெண்டா பதிவு செய்த ஒப்டோமெட்ரிஸ்டோ ஒப்டீசியனோ டொக்டரோ மேற்பார்வை செய்ய வேணும் எண்டு சட்டமே இருக்கு. பெரியாக்கள் எங்கயும் வாங்கலாம், பிள்ளைக்கு அப்பிடி விடுறேல்ல. பிள்ளைக்கு லென்ஸ் போடேக்க பொலிகாபனேட் எண்டு கேட்டு வாங்குங்க, பந்து பட்டாலும் லேசில உடையாது.

உங்கட ப்ரோகிரசிவ்

ஒரே லென்ஸ்ல மேல தூரம், நடுவில கொம்பியூட்டர் தூரம், கீழ வாசிக்கிற தூரம், இதுதான் ப்ரோகிரசிவ். வாசிக்கிற பகுதிக்குப் போற பாதை ஒடுக்கம், ரெண்டு பக்கமும் மங்கல். அந்தப் பாதை உங்கட கருமணிக்கு நேர கீழ இறங்க வேணும். இதுக்கு ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு பிடி காணாது, மூக்கு நடுவில இருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிய எடுக்க வேணும், ஏனெண்டா அனேகமான ஆக்களுக்கு ரெண்டு பக்கமும் ஒரு அளவில்ல. அதோட கருமணிக்கும் லென்ஸ்ட கீழ் விளிம்புக்கும் இடையில உயரம் எவ்வளவு எண்டதையும் எடுக்க வேணும். இந்த உயரம் நீங்க தெரிஞ்ச அதே பிரேமை உங்கட மூக்கில வச்சு, காதுக்குப் பின்னால வளைச்சு, ஒழுங்கா இருத்தின பிறகுதான் எடுக்கிறது. போட்டோவில பார்த்து ஓர்டர் போட்ட பிரேமில இதை எடுக்க வழியில்ல. பேஸ்புக் பக்கத்தில உங்களிட்ட இந்த உயரத்தைக் கேட்டதா? கேட்டதா எழுதேல்ல. கேக்கேல்லை எண்டா ஏதோ ஒரு பொது அளவைப் போட்டு வெட்டப் போகினம். ரெண்டு மூண்டு மில்லிமீற்றர் கீழ போனாலே வாசிக்கிறதுக்கு நாடியைத் தூக்க வேணும், நாள் முழுக்க தூக்கினா பிடரி பிடிக்கும்.

இன்னொண்டு, கச்சான் காத்து காலத்தில நீங்க வகுப்பில நிண்டு வேர்த்துக் கொட்டேக்க கண்ணாடி மூக்கில சறுக்கிக் கொண்டே வரும். ஒற்றைப் பவர் கண்ணாடியில அது வெறும் தொந்தரவு, ப்ரோகிரசிவ்ல சறுக்கினா பார்வையே மாறும். கடையில எடுத்தா போய் மூக்குப்பட்டியை இறுக்கித் தரச் சொல்லலாம், காசு கேக்க மாட்டினம். உப்புக் காத்தில அந்தச் சின்ன ஆணி பச்சை பிடிக்கிறதும் எங்கட ஊர்ல வழமை, அதையும் மாத்தித் தருவினம். பார்சல்ல வந்ததுக்கு அதை ஆர் செய்யிறது?

புதுசாப் போடேக்க எங்க செய்தாலும் ஒண்டு ரெண்டு கிழமைக்கு தலை சுத்துற மாதிரி, படி இறங்கேக்க கால் தடுமாறுற மாதிரி இருக்கும். அது வழமை. ரெண்டு கிழமை தாண்டியும் அப்பிடி இருந்தா அளவு பிழையா இருக்கலாம், திருப்பிக் கொண்டு போய்க் காட்ட வேணும். ஓர்டர் குடுக்க முதலே "பழகேல்லை எண்டா எத்தினை நாளுக்குள்ள மாத்தித் தருவீங்க" எண்டு கேட்டு பில்லில எழுதுவிச்சு எடுங்க.

பில்லைக் குறைக்கிற வழி

கடை ஏமாத்துது எண்டு நான் சொல்ல மாட்டன், ஆனா உங்களுக்குத் தேவையில்லாததும் அந்தப் பில்லில இருக்கு. நீங்க அனுப்பின விலைத்துண்டில 1.74 எண்டு இருக்கு, அது லென்ஸ் எவ்வளவு மெல்லிசா வரும் எண்டதைக் காட்டுற இலக்கம், கூடக் கூட மெல்லிசு, 1.74 மிச்சம் மெல்லிசான வகையளில ஒண்டு, விலையும் கூட. மைனஸ் 4.50க்கு 1.60 தாராளமாப் போதும். மைனஸ் லென்ஸ் தடிக்கிறது ஓரத்தில, ஓரம் தடிக்கிறது பிரேம் பெரிசா இருந்தா. அகலமான பிரேமை விட்டிட்டு கொஞ்சம் சின்னதா, வட்டப் பக்கமா ஒண்டு தெரிஞ்சா 1.60லயே மெல்லிசா வரும், ஆனா ப்ரோகிரசிவ்க்கு உயரம் காணுமா எண்டு அளக்கிறவரிட்ட கேட்டுத் தெரியுங்க. உங்கட பழைய பிரேம் வெடிக்காம வளையாம இருந்தா அதிலயே லென்ஸ் போடலாம். வெளிச்சம் தெறிக்காம இருக்கிற கோட்டிங்கை மட்டும் குறைக்காதீங்க, இரவில வாகனம் ஓட அது உதவும். அந்தக் கண்ணாடியை வெயில்ல நிக்கிற காருக்குள்ள வைக்க வேணாம், சூட்டுக்குக் கோட்டிங் வெடிச்சு வலை வலையா வரும்.

ப்ளூ கட்டை வெட்டி விடுங்க, உங்களுக்கும் வேணாம், மகனுக்கும் வேணாம். 2023ல கொக்ரேன் எண்ட மருத்துவ ஆய்வு அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, ப்ளூ கட் போட்டதால கொம்பியூட்டர் பார்க்கிற கண் களைப்பு குறையுது எண்டதுக்கு நல்ல ஆதாரம் கிடைக்கேல்ல. போன் பார்த்துக் கண் எரியிறதுக்கு 20 நிமிசத்துக்கு ஒருக்கா 20 அடி தள்ளி உள்ள ஒண்டை 20 செக்கன் பார்க்கிறதும், கண்ணைச் சிமிட்டுறதும் போதும், காசில்ல.

இப்ப ஒன்லைன்ல எடுக்கலாம் எண்டு சொன்ன கண்ணாடி. நீங்க கூடுதலா கஷ்டப்படுறது கொப்பி, விடைத்தாள் திருத்தேக்கதானே? அதுக்கு கிட்டப் பார்வைக்கு மட்டும் ஒற்றைப் பவர்ல ஒண்டு செய்யலாம். உங்கட தூரப் பவரோட அட் 1.25ஐக் கூட்டினா வலது மைனஸ் 3.25, இடது மைனஸ் 3.00, சிலிண்டரும் அக்சிஸும் அப்பிடியே. கிட்டப் பார்க்கேக்க கண் உள்ள திரும்புறதால பிடியை தூரத்துப் பிடியை விட 3 மில்லிமீற்றர் போல குறைச்சுக் குடுக்கிறது. இதை ஒன்லைன்ல மலிவா எடுத்து ஸ்டாஃப் ரூம்ல வச்சிட்டு, ப்ரோகிரசிவ் வாங்கிறதை அடுத்த வருசத்துக்குத் தள்ளிப் போட்டாலும் ஒண்டும் கெட்டுப் போகாது. வகுப்பில பழைய தூரக் கண்ணாடி, மேசையில இது. உங்கட கடிதத்தில கடன் அடைக்கிற கதை இருந்ததால இதைச் சொல்லுறன். ஆனா இதைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டி ஓட வேணாம், தூரம் மங்கும்.

ஓர்டர் போடேக்க பிளஸ் மைனஸை நாலு தரம் பாருங்க. சில டொக்டர்மார் சிலிண்டரை பிளஸ்ல எழுதுவினம். உங்கட வலது கண்ணையே மைனஸ் 5.25, சிலிண்டர் பிளஸ் 0.75, அக்சிஸ் 90 எண்டும் எழுதலாம், ரெண்டும் ஒரே லென்ஸ்தான். அதில பிளஸ்ஸை மறந்து மைனஸ் அழுத்தினா வேற ஆளிட கண்ணாடி வரும்.

அளவு தர மாட்டம் எண்டது

கண்ணைப் பார்த்து எழுதின துண்டு உங்கட. அதை வச்சு எந்தக் கடைக்கும் போகலாம், ஆஸ்பத்திரித் துண்டு கையில இருக்கிறதால உங்களுக்கு அதில பிரச்சினையே இல்ல. பிடி வேற கதை. தம்பி "இங்க எல்லாம் தந்தே ஆக வேணும்" எண்டிருக்கிறார், பிரித்தானியாவில பரிசோதனை முடிஞ்ச கையோட துண்டைக் குடுக்கத்தான் வேணும், ஆனா பிடியை எழுதிக் குடுக்க வேணும் எண்டு அங்க சட்டம் இல்ல. கடைக்காரர் பக்கமும் கொஞ்சம் யோசிங்க, அவர் அளந்து குடுத்த இலக்கத்தில வேற ஆர் ஒருத்தர் செய்த கண்ணாடி பிழைச்சா பிறகு அவரிட்டத்தான் சண்டைக்கு வருவினம். "அளக்கிறதுக்கு எண்டு காசு தாறன், எழுதித் தாங்க" எண்டு கேட்டுப் பாருங்க, அப்பிடிக் கேட்டா அனேகமா மாட்டம் எண்ட மாட்டினம். இல்லையெண்டாலும் வழி இருக்கு, உங்களுக்கு ஒரு கரைச்சலும் தராத பழைய கண்ணாடியை லென்சோமீட்டர்ல புள்ளி குத்துவிச்சு, ரெண்டு புள்ளிக்கும் இடையில அடிமட்டம் வச்சா அதுதான் உங்கட தூரத்துப் பிடி. வீட்டில முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால நிண்டு ரூலர் பிடிச்சு அளக்கிறதை உங்கட பவருக்கு நான் நம்ப மாட்டன், 2 மில்லிமீற்றர் பிழைச்சாலே 4.50க்கு 0.9 பிரிசம் வந்திடும்.

பிழைச்சா ஆரைப் பிடிக்கிறது

இலங்கைக்குள்ள கடை வச்சிருக்கிற ஆளிட்ட வாங்கி, சொன்னது ஒண்டு தந்தது ஒண்டு எண்டா, 2003ம் ஆண்டின் 9ம் இலக்கச் சட்டத்தில நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு குடுக்கலாம். எழுத்தில குடுக்க வேணும், வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள குடுக்க வேணும், விபரம் கேக்க 1977க்கு அடிக்கலாம். பில் இல்லாம போனா கதை எடுபடாது. விலாசமே இல்லாத பேஸ்புக் பக்கம், வெளிநாட்டுக் கடை எண்டா சட்டம் இருந்தும் ஆளைப் பிடிக்க ஏலாது, விலை மலிவா இருக்கிறதில இதுவும் ஒரு பகுதி. ஓர்டர் போட முதல் விலாசம், போன் நம்பர், மாத்தித் தருவினமா எண்டது மூண்டையும் பாருங்க.

மகன்ட 6,900 ரூபா விசயத்தில நேர்மையாப் பார்த்தா உங்கட பக்கம் பலவீனம், 63 எண்டு நீங்கதான் போட்டது, துண்டும் பழசு. ஆனா லென்சோமீட்டர்ல பவரே மைனஸ் 2.75 இல்ல, இல்லாட்டி நடுப்புள்ளி 63ல இல்ல எண்டு வந்தா அது அவைட பிழை, அப்ப எழுதி வாங்கின அந்தக் கடதாசியைப் படம் எடுத்து வட்ஸ்அப்ல அனுப்பி மாத்தித் தரச் சொல்லுங்க.

இன்னொரு விசயம் நீங்க கேக்கேல்ல, ஆனா உங்கட பவருக்குச் சொல்லாம விட மனசு வரேல்ல. திடீரெண்டு கண்ணுக்கு முன்னால கறுப்புப் புள்ளியள் நிறைய மிதந்தா, மின்னல் வெட்டினா, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி மறைச்சா, அது கண்ணாடி விசயம் இல்ல, விழித்திரை கழருறதா இருக்கலாம், மைனஸ் கூடின ஆக்களுக்கு அந்த ஆபத்து மற்றவையை விடக் கூட. கடைக்குப் போகாம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

மகனை இந்தக் கிழமையே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்க ரீச்சர், புதுக் கண்ணாடி வரும் வரைக்கும் 63க்கு வெட்டினதைப் போட வேணாம், பழைய கண்ணாடி இருந்தா அதைப் போடட்டும், வகுப்பாசிரியரிட்டச் சொல்லி முன் வாங்கில இருத்துங்க. டெஸ்ட் செய்த பிறகு புதுத் துண்டையும் லென்சோமீட்டர் கணக்கையும் எனக்கு அனுப்பினீங்க எண்டா பார்த்துச் சொல்லுறன்.